தொண்டு விற்பனைகளில் நிதானம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கிறிஸ்துமஸும் பொங்கலும் நெருங்கும் இந்த நாட்களில், வேலூர், காட்பாடி பகுதிகளில் தேவாலய வளாகங்களிலும் பள்ளி அரங்குகளிலும் தொண்டு அமைப்புகள் பழைய பொருள் விற்பனை நடத்துகின்றன. வீடுகளில் பயன்படாமல் கிடக்கும் துணி, பாத்திரம், புத்தகம், மின்விசிறி முதலியவற்றைக் கேட்டு வாங்கி, சரிபார்த்து, குறைந்த விலைக்கு விற்று, கிடைக்கும் தொகையை ஏழை நோயாளிகளின் மருந்துச் செலவுக்கோ மாணவர்களின் படிப்புக்கோ கொடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒரு விற்பனையில் கல்லாவில் அமர்ந்து கணக்கு எழுதும் பணியைச் சில ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில், வாங்க வருவோரின் செலவுப் பழக்கத்தைப் பற்றி நெடுநாளாக மனத்தில் இருப்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

லாங்கு பஜாரில் ஓர் எவர்சில்வர் குடம் வாங்க நான்கு கடை ஏறி இறங்கி, விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசி, அப்போதும் மனம் ஒப்பாமல் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி விடுகிற அதே குடும்பத்தினர், தொண்டு விற்பனைக்கு வந்தால் வேறு மனிதர்களாகி விடுகிறார்கள். இங்கே எந்தப் பொருளின் விலையும் தனியாகப் பார்த்தால் உறுத்துவதில்லை. இருபது ரூபாய்தானே, முப்பது ரூபாய்தானே என்று பை நிரம்புகிறது. ஒவ்வொன்றும் ஒற்றைப் பொருளாக இருப்பதால், இப்போது விட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்வார் என்ற பரபரப்பும் சேர்ந்துகொள்கிறது. கல்லாவுக்கு வந்து நான் கூட்டிச் சொல்லும்போதுதான் எண்ணூறு, ஆயிரம் என்று தொகை தெரிகிறது. ஒரு கணம் முகம் சுருங்குகிறது. உடனே, “பரவாயில்லை சார், நல்ல காரியத்துக்குத்தானே போகுது” என்று சொல்லிப் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறார்கள்.

அந்த ஒரு சொல்தான் கையை அவிழ்த்து விடுகிறது என்பது என் கருத்து. மலிவு என்பது ஒரு சமாதானம், தருமம் என்பது இன்னொரு சமாதானம். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்கும்போது, இது நமக்குத் தேவைதானா என்ற கேள்வி எழ இடமே இல்லாமல் போகிறது. கடந்த விற்பனையில் ஒரு குடும்பம் மேசை மேல் எடுத்து வைத்தவற்றைச் சொல்கிறேன்: முழுக்கை வைத்த இரண்டு கம்பளி ஸ்வெட்டர்கள், ஆறில் ஒன்று குறைந்த கண்ணாடித் தம்ளர் செட், யாருடைய கல்யாண நாளோ அடியில் வெட்டப்பட்டிருந்த, மூடி இல்லாத இட்லிப் பானை, உருண்டை உடைந்த ஒரு பூகோள உருண்டைத் தாங்கி. அக்கினி நட்சத்திரத்தில் தார் உருகும் வேலூரில் அந்த ஸ்வெட்டர்கள் எத்தனை நாள் வெளியே வரப்போகின்றன? விற்பனை நடக்கும் அதே மார்கழியில், நம் மாவட்டத்திலேயே பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் குழந்தைகள் குளிரில் நடுங்கிக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள்.

வேலூரில் இந்தக் கட்டுப்பாடு மற்ற ஊர்களைவிட அதிகமாகத் தேவைப்படுவதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900-ஆம் ஆண்டில் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய சிகிச்சையகம் இன்று சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்து, மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என எங்கிருந்தெல்லாமோ நோயாளிகளை அழைத்து வருகிறது. அவர்களோடு வரும் உறவினர்கள் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களின் லாட்ஜுகளில் வாரக்கணக்கில், சிலர் மாதக்கணக்கில் தங்கி, அறையிலேயே சமைத்துச் சாப்பிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு குக்கர், ஒரு வாணலி, ஒரு வாளி, ஒரு போர்வை தேவைப்படுகிறது, அதுவும் ஊர் திரும்பும் நாள் வரைக்கும்தான். திரும்பும்போது ரயிலில் தூக்கிச் செல்ல முடியாதென்று அவற்றைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் பலர். அந்தப் பொருட்கள் மறுபடியும் எங்கள் மேசைக்கே வந்து சேர்ந்து, அடுத்து வரும் குடும்பத்துக்குப் போகின்றன. நம்மில் ஒருவர் வீட்டில் மூன்று குக்கர் இருக்கும்போதே, விலை மலிவாக இருக்கிறது என்பதற்காக நான்காவதை எடுத்துப் பரண் மேல் ஏற்றினால், இந்தச் சுழற்சியிலிருந்து அந்தக் குக்கர் நிரந்தரமாக வெளியே போய்விடுகிறது. கணவரை வார்டில் படுக்கவைத்துவிட்டு மதிய இடைவெளியில் ஓடிவந்த ஒரு வங்காளப் பெண்மணி, குக்கர் இருக்கிறதா என்று சைகையால் கேட்க, காலையிலேயே எல்லாம் விற்றுவிட்டன என்று நாங்களும் சைகையாலேயே சொல்ல நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

வசதியுள்ளவர்கள் தாராளமாக வாங்கினால்தானே அமைப்புக்குப் பணம் வரும், அதை ஏன் தடுக்க வேண்டும் என்று சக தொண்டர்களே என்னைக் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான், விற்காமல் தேங்கினால் எங்களுக்கும் இடமில்லை. ஆனால் கணக்கு எழுதுகிறவனின் கண்ணோடு பார்த்தால் விடை வேறு விதமாக வருகிறது. எண்ணூறு ரூபாய்க்கு வாங்கும் ஒருவருக்கு உண்மையில் தேவைப்பட்டது முந்நூறு ரூபாய்ப் பொருள் என்று வைத்துக்கொள்வோம். அவர் முந்நூறுக்கு வாங்கிவிட்டு மீதி ஐந்நூறை நன்கொடையாகக் கொடுத்திருந்தால், அமைப்புக்கு அதே எண்ணூறு கிடைத்திருக்கும். எடுக்காமல் விட்ட பொருட்களும் மேசையிலேயே இருந்து, தேவையுள்ள வேறொருவருக்கு விற்று, இன்னும் ஐந்நூறு வரை ஈட்டித் தந்திருக்கும். வாங்கியவர் வீட்டிலும் அடைசல் சேர்ந்திருக்காது. வரிக்கணக்கு பார்ப்பவர்களும் ஒன்றைக் கவனிக்கலாம். 80ஜி என்று நாம் அறிந்த வருமான வரிச் சலுகை, அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குப் பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான் உண்டு, அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடையாது. பொருளாகக் கொடுப்பதற்கும், விலை கொடுத்து வாங்குவதற்கும் அது பொருந்தாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். கொடுப்பதை இவ்வளவு என்று தெரிந்து கொடுப்பது தருமத்தின் மதிப்பைக் குறைத்துவிடாது.

தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகையன்று நடக்கும் ஏலத்தில் இந்தத் தெளிவு இருக்கிறது. ஒரு பூசணிக்காயைச் சந்தை விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து எடுப்பவர், தான் பூசணிக்காய் வாங்கவில்லை, காணிக்கை கொடுக்கிறேன் என்பதை நன்கு அறிந்தே கேட்கிறார். பழைய பொருள் விற்பனையிலோ, வாங்குவது எது, கொடுப்பது எது என்று நமக்கே தெரியாமல் இரண்டும் கலந்துவிடுகின்றன.

பழையதை வாங்குவதால் குப்பை குறைகிறது என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. பயன்படுத்தினால் குறையும். பீரோவின் அடித்தட்டில் கிடந்துவிட்டுப் போகிப் பண்டிகைக்கு முந்தைய நாள் தெருவுக்கு வந்தால், குப்பை ஓராண்டு தாமதமாக வருகிறது, அவ்வளவுதான். இத்தகைய கடைகள் வேரூன்றிய நாடுகளின் அனுபவமும் இதைத்தான் காட்டுகிறது. நாஜிப் பிடியில் பட்டினி கிடந்த கிரேக்க மக்களுக்கு உணவு அனுப்புவதற்காக 1942-இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கிய குழு, பின்னாளில் ஆக்ஸ்ஃபாம் என்று பெயர் பெற்று, அந்த நகரத்துப் பிராட் தெருவில் கடை திறந்தது. இன்று அந்நாட்டில் தொண்டுக் கடை இல்லாத கடைவீதி அரிது. மக்கள் வாங்கிக் குவிப்பதும் கொடுத்துக் கழிப்பதும் பெருகியதால், விற்காத துணிகள் மூட்டை மூட்டையாகக் கடல் கடந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கும், நம் நாட்டுக்கும் வருகின்றன. ஹரியானாவின் பானிபட்டில் பழைய கம்பளித் துணிகளைக் கிழித்து, நூலாக்கி, மலிவான போர்வைகள் நெய்வது ஒரு பெரிய தொழிலாகவே நடக்கிறது.

வாங்க வருவோரிடம் நான் கேட்டுக்கொள்வது இது. செலவிட நினைக்கும் தொகையை வீட்டிலேயே முடிவு செய்து, ரொக்கமாக எடுத்து வாருங்கள். எங்கள் மேசையில் கியூஆர் அட்டை வைத்த பிறகுதான் பைகள் பெருத்தன என்பதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். முன்பெல்லாம் கையில் இருக்கும் இரண்டு நோட்டு தீர்ந்தால், எடுத்ததில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டு எது முக்கியம் என்று யோசிப்பார்கள். அந்த யோசனைக்கு ஆகும் நேரத்தை ஜிபே பறித்துக்கொண்டது. பையை எடுக்காமல் ஒருமுறை அரங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பிறகு எடுக்கத் தொடங்குவதும் பயன் தரும்.

பொறுப்பு வாங்குவோருடையது மட்டுமன்று. மாலையில் மீந்த பொருட்களைத் தீர்ப்பதற்காக, பை நிறைய அள்ளினால் நூறு ரூபாய் என்று அறிவிக்கும் வழக்கத்தை அமைப்பாளர்கள் கைவிட வேண்டும். தேவையற்றதை அள்ளச் சொல்லி நாமே தூண்டுவதாகவே அது முடிகிறது. மீந்தவற்றில் கம்பளித் துணிகளைத் தனியே எடுத்து மலைக் கிராமப் பள்ளிகளுக்கு அனுப்பலாம். கல்லாவுக்குப் பக்கத்திலேயே நன்கொடைப் பெட்டியும் ரசீதுப் புத்தகமும் வைத்து, கொடுக்க விரும்புவோர் எதையும் வாங்காமலே கொடுக்க வழி செய்ய வேண்டும். விற்பனை தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தை மருத்துவமனை அட்டை வைத்திருக்கும் வெளியூர்க் குடும்பங்களுக்கு ஒதுக்கி, அந்தச் செய்தியை வங்காளத்திலும் இந்தியிலும் எழுதி லாட்ஜுகளின் வாசலில் ஒட்ட வேண்டும். இந்த ஆண்டு விற்பனைக்கான ஏற்பாடுகள் தொடங்கியிருக்கும் இவ்வேளையில், எங்கள் குழுவிலும் இக்கோரிக்கைகளை முன்வைத்திருக்கிறேன்; மற்ற அமைப்புகளும் இவற்றைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.