முட்டி வலி என்று போனவனின் இடுப்பைப் பார்த்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கமுங்க. இடுப்பு மூட்டு ஆபரேஷன் முடிந்து சென்னிமலை வந்து சேர்ந்துவிட்டேன், வீதி முக்கு வரை நானே நடக்கிறேன். ஒவ்வொரு வீடாக வந்து சொல்ல நாளாகும், அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதல் நன்றி பக்கத்துத் தறி அக்காவுக்கு. முட்டி வலி என்று நான் அலைந்த காலத்தில் முட்டி எக்ஸ்ரேயில் சொல்லும்படி ஒன்றுமில்லை, ஆனாலும் ஓர் இடத்தில் ஊசியும் தைலமுமாகவே நாளை ஓட்டினார்கள். அக்காதான், "ஏந்தம்பி, தறிக் குழிக்குள்ள எறங்கறப்ப எடது காலக் கையில தூக்கி வெக்கற, கால் நகங்கூட மருமவதான் வெட்டியுடறா, இது முட்டி நோவாட்டத் தெரியலையே" என்றார்.

அடுத்து ஈரோட்டு எலும்பு டாக்டர். சம்மணம் போட முடிகிறதா, வண்டியில் காலைத் தூக்கிப் போட முடிகிறதா, காலையில் எழுந்ததும் பிடிக்கிற இறுக்கம் அரைமணி நேரத்துக்குள் விடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் தள்ளினார் பாருங்கள், கவட்டையில் சுரீர் என்று பிடித்தது. இடுப்பு மூட்டு தேய்ந்தால் வலி பெரும்பாலும் அங்கேதான் வருமாம், முன்தொடை வழியாக முட்டிக்கும் இறங்குமாம், சிலருக்கு முட்டி மட்டுமே வலிக்குமாம். இடுப்பு எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் பந்துக்கும் அது உட்காரும் இடுப்புக் கிண்ணத்துக்கும் நடுவே இருக்க வேண்டிய சந்து ஒரு பக்கம் காணவே காணோம்.

படத்தைப் பார்த்ததும் கத்தியைத் தூக்காத மனுசன், அதற்கே தனியாக ஒரு கும்பிடு. "படத்துக்கு வைத்தியம் பண்றதில்லீங்க, உங்களுக்குத்தான்" என்று சிரித்தார். தொடையும் பிட்டமும் வலுவாகப் பயிற்சி, எடையைக் குறைப்பது, மெடிக்கலில் சொந்தமாக வலி மாத்திரை வாங்கி விழுங்காமல் இருப்பது (கிட்னிக்கும் வயிற்றுக்கும் ஆகாது), இவற்றிலேயே ரொம்ப நாள் ஓடியது. பயிற்சி சொல்லித் தந்த பிசியோ தங்கச்சி, வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் தடி பிடிக்கச் சொன்னது. இடது காலுக்கு வலது கையா என்று நானும் விழித்தேன், ஆனால் பிடித்து நடந்ததும் பாரம் குறைந்தது நன்றாகவே தெரிந்தது.

பிறகு ராத்திரி புரண்டு படுத்தாலே விழிப்பு வர ஆரம்பித்தது, மாத்திரையும் கேட்கவில்லை, கடைக்குப் போவதே பெரும்பாடு. இனிமேல் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு இடுப்பு வலித்தாலோ மட்டும் ஒரு நாள்கூடப் பொறுக்காமல் ஓடி வரச் சொல்லியிருந்தார், அதையும் எழுதி வைக்கிறேன்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் போட்டுவைத்த மச்சானுக்கும், தறியில் கிடந்த என் பாவு நூல் வீணாகாமல் நெய்து முடித்த நெசவாளர் சொசைட்டிக்காரர்களுக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. குழித்தறிக்கு இப்போதைக்கு அனுமதி இல்லை, உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நெசவுக்குத் தார் நூல் சுற்றித் தருகிறேன்.

பெரியப்பா, உங்கள் தடி பத்திரமாக இருக்குதுங்க. பிசியோ தங்கச்சி விடச் சொன்னதும் கொண்டுவந்து தருகிறேன்.