மீதித் துணி

அன்புள்ள கண்ணுக்கு,

போன் எடுக்கவில்லை, வேலை நேரமாக இருக்கும். மே மாத லீவில் நீ எடுத்துப்போன பூத்துக்குளி, நம் தோடர் பூவேலைப் போர்வை, எந்த அளவில் நிற்கிறது? பாட்டி நேற்றும் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறார். மழை விட்டு வெயிலில் உட்காரவைத்தால் இரண்டு வார்த்தை பேசுகிறார். எருமை கன்று போட்டது. வேறு சேதி இல்லை.

சிவப்பு தீர்ந்திருக்கும். அங்கே வாங்குகிற கம்பளி நூலை அப்படியே கோர்த்துவிடாதே. ஈர வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார். சாயம் ஒட்டினால் வேண்டாம், முதல் துவையலிலேயே வெள்ளையெல்லாம் ரோஸ் ஆகிவிடும். நூலைக் கை நீளத்துக்கு மேல் வெட்டாதே, துணிக்குள் போய்வந்தே பிசிறடித்து மெலியும். முடிச்சு போடாமல் நுனியைத் தையலுக்குள் ஓட்டிவிடு.

வளையச் சட்டம் மாட்டாதே. துணி இறுகினால் இழை நகர்ந்துவிடும், எண்ண வராது. பென்சில் கோடும் வேண்டாம். இழையை எண்ணித்தான் நம் வேலை, அதை மட்டும் விடாதே. ஒரு இழை தவறினால் அந்த வரிசையில் தெரியாது, நாலு வரிசை தள்ளி எருமைக்கொம்பு கோணும். அப்போது மேலே சரிக்கட்டப் பார்க்காமல், தவறிய வரிசைவரை பிரித்துவிடு. கத்தரி வைத்தால் துணி இழையும் அறும். ஊசியின் காதுப்பக்கத்தால் நெம்பி எடு. கருப்பு வரிசையைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக்கொள்.

திரும்பும் இடத்தில் நூலை முழுக்க இழுக்காமல் சின்னக் கண்ணி விடு. இறுக்கினால் துணி சுருங்கும், பெரிதாக விட்டால் வளையலில் மாட்டும். நாம் பார்த்துத் தைப்பது பின்பக்கம், முகம் அடியில் இருக்கிறது. சில வரிசைக்கு ஒருமுறை திருப்பித் தடவிப் பார், புடைப்பு சீராக இருக்கிறதா என்று. கண்ணைவிட விரலுக்கு அது நன்றாகத் தெரியும்.

துணி போதாமல் ஒட்டுப்போட நேர்ந்தால், நெடுக்குப் பாவும் குறுக்கு ஊடையும் ஓர் அங்குலத்துக்கு ஒரே எண்ணிக்கையில் உள்ளதாகப் பார்த்து வாங்கு. இல்லையென்றால் நீ எவ்வளவு சரியாக எண்ணினாலும் சதுரம் நீண்டுவிடும்.

உன் கை பாட்டியின் கை. மந்தில், நம் ஊரில், எல்லோரும் சொல்வதுதான். அந்தக் கை ஊசியைத் தொட்டு எத்தனை நாள் ஆகிறதோ. சரி, அங்கே உனக்கு வேலை அதிகம்.

பாட்டி பெட்டியில் இருந்த பழைய பூத்துக்குளி, தாத்தாவைக் கடைசியாகப் போர்த்தியபோது அவரோடு போய்விட்டது, உனக்குத் தெரியும். பெட்டி இப்போது காலி.

நீ விட்ட இடத்திலிருந்து நான் முடித்துவிடுவேன் என்று நினைத்திருப்பாய். எனக்கு அந்த நடுப்பட்டை வராது. 2013-இல் நம் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகும் நான் தைத்ததெல்லாம் பர்ஸ், செல்போன் உறை, மேசை விரிப்பு. நாலு விரல் அகல வேலை, அன்றைக்கே காசு. பாட்டி பக்கத்தில் உட்காரச் சொன்னபோதெல்லாம் நாளைக்கு என்றேன். நீதான் உட்கார்ந்தாய். இப்போது அவர் விரல் ஊசியைப் பிடிப்பதில்லை, வாயால் சொல்லிக் கற்கிற கணக்கும் இல்லை அது. என் தப்பு, உன்னுடையது இல்லை.

முடிந்தவரை தைத்தால் போதும். மீதியைப் பாட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து தை, நான் நூல் கோர்த்துத் தருகிறேன். துணியைக் கூரியரில் மட்டும் அனுப்பாதே, நனைந்துவிடும். நீயே எடுத்துக்கொண்டு வா. இந்த வாரமே லீவு கிடைக்குமா, கேட்டுப் பார். மேட்டுப்பாளையம் வந்ததும் போன் செய்.

அம்மா