சம்பவ இடத்தை முதலில் பார்ப்பவர்களுக்கு

மதிப்பிற்குரிய புலனாய்வு அதிகாரிகளுக்கு,

வணக்கம். பிணவறைக்கு வரும் உடல்கள் பலவற்றுடன் ‘இறப்பின் காரணத்தைத் தெரிவிக்கவும்’ என்ற ஒற்றை வரிக் கோரிக்கை மட்டுமே வருகிறது. உடலை அறுத்துப் பார்த்தாலே விடை கிடைத்துவிடும் என்று எண்ணுகிறீர்கள் போலும். பல மரணங்களில் அப்படிக் கிடைப்பதில்லை என்பதால், சட்ட மருத்துவராகப் பணியாற்றும் நான் இதை எழுதுகிறேன்.

நீரிலிருந்து மீட்ட உடலையே எடுத்துக்கொள்வோம். மூக்கிலும் வாயிலும் நுண்ணிய வெண்ணுரை தள்ளியிருக்கும், நுரையீரல்கள் உப்பியிருக்கும். ஆனால் இதயம் செயலிழந்து நுரையீரலில் நீர் கோத்தவர்களிடமும், சில போதை மருந்துகளால் இறந்தவர்களிடமும் இதே நுரையைக் காண்கிறோம். எனவே ‘மூழ்கியதால் மரணம்’ என்று எழுதும் முன் தலைக்காயம், மாரடைப்பு, நஞ்சு என ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. வலிப்பு வந்து நீரில் விழுந்தவரின் உடலில் அந்த வலிப்புக்கு எந்தத் தடயமும் இல்லாமல் போகலாம். அவருடைய சட்டைப் பையில் இருந்த மாத்திரை அட்டைதான் அதைச் சொல்லும். அந்த அட்டை எங்கள் கைக்கு வருவதே இல்லை.

தூக்கில் தொங்கியவரின் கழுத்துத் தடம் பெரும்பாலும் குரல்வளைக்கு மேலே சாய்வாக ஏறி, முடிச்சுப் பக்கம் விட்டுப்போயிருக்கும். கயிற்றால் இறுக்கிக் கொல்லப்பட்டவரிடம் அது கிடைமட்டமாகக் கழுத்தைச் சுற்றி வருவதே வழக்கம். ஆயினும் இறந்த பின் கட்டித் தொங்கவிட்ட உடலிலும் சாய்வான தடம் விழலாம். ஆகவே கயிறும் முடிச்சும் எங்களுக்கு மிக முக்கியம். முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு எதிர்ப்புறத்தில் வெட்டி, வெட்டிய இரு முனைகளையும் நூலால் இணைத்து அனுப்புங்கள்.

நஞ்சிலும் இதுவே நிலை. எந்த ஆய்வகமும் உலகிலுள்ள அத்தனை நஞ்சுகளையும் தேடிப் பார்ப்பதில்லை. கட்டிலருகே கிடந்த புட்டி எது என்று தெரிந்தால்தான் தேடல் சரியான திசையில் செல்லும். ஆய்வக அறிக்கை வரும்வரை நாங்கள் ‘கருத்து நிலுவையில்’ என்று எழுதினால், வழக்கை முடிக்க ஏதாவது ஒரு காரணம் தரும்படி எங்களை வற்புறுத்தாதீர்கள். ‘இதயம் நின்றதால்’ என்று எழுதித் தருவது எளிது. எல்லா மரணத்திலும் இதயம் நிற்கிறது, ஏன் நின்றது என்பதே உறவினர்கள் கேட்கும் கேள்வி.

உடலை நகர்த்தும் முன் எடுத்த படங்களையும், அது எந்த நிலையில் எப்போது கண்டெடுக்கப்பட்டது, யார் எப்போது புரட்டினார்கள் என்ற குறிப்பையும் கோரிக்கையோடு இணையுங்கள். இயன்றால் பரிசோதனை தொடங்கும் முன் நேரில் வந்து பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சட்ட மருத்துவர்