ஒற்றை எஞ்சினில் பாக்குநீரிணை: சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். ஒற்றை எஞ்சின் விமானம் என்றாலே யாழ்ப்பாணத்தில் முதலில் வரும் கேள்வி, "நடுவழியில் நின்றால்?" என்பதுதான். கேள்வி நியாயமானது. ஆனால் தடை கேட்டு நான் எழுதவில்லை. செஸ்னா கரவான் என்ற சிறிய ஒற்றை எஞ்சின் விமானத்தில் இருக்கும் பிடி6 வகை எஞ்சின் 1960களிலிருந்து ஓடுகிறது. இரண்டு எஞ்சின் இருந்தால் மட்டும் தப்பிவிடலாம் என்றும் இல்லை. 2015இல் தாய்பேயில் எழும்பிய ஏடிஆர் 72 ஒன்றில் ஒரு எஞ்சின் வலுவிழந்தது. பதற்றத்தில் நிறுத்தப்பட்டதோ நல்ல எஞ்சின். 43 பேர் இறந்தார்கள்.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்கு இப்போது வருவதும் ஏடிஆர்தான். நாளை கரவான் போன்ற சிறு விமானங்களும் இந்த வழியைக் கேட்கும். எஞ்சின் நின்ற கரவான், காற்றில்லாத நேரத்தில், 1,000 அடி உயரத்துக்குச் சுமார் 2 கடல்மைல் (3.7 கிலோமீற்றர்) மிதந்து போகும். 10,000 அடியில் என்றால் ஏறக்குறைய 37 கிலோமீற்றர். பலாலிக்கும் தமிழ்நாட்டுக் கோடியக்கரைக்கும் இடையே சுமார் 60. அதாவது, நடுக்கடலில் நின்றாலும் ஏதோ ஒரு கரை எட்டும். 5,000 அடியில் பறந்தாலோ, நடுவிலுள்ள 20 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்தில் எங்கே நின்றாலும் எந்தக் கரையும் எட்டாது. சோளகமோ வாடையோ பலமாக அடித்தால் ஒரு பக்கத்துக்கு மிதக்கும் தூரம் இன்னும் குறையும். சக்கரக் கரவானின் சில்லுகள் மடங்காதவை, தண்ணீரில் இறங்கினால் குப்புறக் கவிழக்கூடும். ஆகவே இந்த வழிக்கு ஆகக்குறைந்த உயரம் ஒன்றை உத்தரவாகவே போடுங்கள். உயிர்காப்பு அங்கி இருக்கைக்குக் கீழே கிடக்காமல் பயணியின் உடம்பில் இருக்கட்டும்.

அப்புறம் உப்பு. பலாலி கடலோரம். உப்புக்காற்று, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும் கம்பிரசரில் படியும், டர்பைன் இதழ்களையும் அரிக்கும். நன்னீரால் கழுவுகிறார்களா, எஞ்சின் வெப்பநிலையின் போக்கைப் பதிகிறார்களா என்பதை உங்கள் ஆய்வாளர் இங்கே வந்து பார்க்க வேண்டும். கொழும்புக்கு வரும் பராமரிப்புப் பதிவின் நகலில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும்.

எரிபொருள் கட்டுப்பாட்டுக் கருவி பழுதானால் எஞ்சின் அணையாமலே வலுவிழந்துவிடும். அதற்கென்றே கரவானில் ஓர் அவசர நெம்புகோல் உண்டு. விமானிகள் அதைப் பயிற்சியில் இயக்கியிருக்கிறார்களா?

எழும்பும்போதே நின்றால் என்ன செய்வது என்பதும் எழுத்தில் வேண்டும். வடகிழக்கே கடல், தென்மேற்கே பனையும் வேலியும் வீடும். உயரம் இருந்தால் வல்லைவெளி கைகொடுக்கலாம், மாரியில் அங்கும் தண்ணீர் நிற்கும். இறங்கக்கூடிய வெளிகளைக் குறித்து, அந்த வரைபடத்தை விமானிகளுக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கும் முன்பே கொடுங்கள்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்துப் பயணி ஒருவர்