கையெழுத்து மட்டும் போட்டால் போதுமாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து அரசுப் பள்ளியைக் கவனிக்கிற பள்ளி மேலாண்மைக் குழுவெல்லாம் பெயருக்குத்தான் என்று போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். சரிதான், ஆனால் அது ஏன் அப்படி ஆகிறது என்று உள்ளே இருப்பவள் சொன்னால்தான் விளங்கும். நான் கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிறேன். என் பையன் படிக்கும் பள்ளியில் இரண்டே ஆசிரியர்கள், முப்பத்தெட்டுப் பிள்ளைகள். 2024 ஆகஸ்டிலிருந்து அங்கே குழுத் தலைவி நான்தான்.

தலைவியானதே ஒரு கூத்து. அன்றைக்கு நாங்கள் போய் உட்காரும்போதே பட்டியல் தயாராக இருந்தது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள், இப்போது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து மொத்தம் 24 பேர் (முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்கு!), தலைவர் ஒரு தாயாக இருக்க வேண்டும் என்று வாசித்துவிட்டு, ஊர்ப் பெரியவர் ஒருவரின் மருமகள் பெயரைச் சொல்லி, எல்லாருக்கும் சம்மதம்தானே என்றார்கள். அந்தப் பெண் பாவம், தலையே நிமிரவில்லை. நானும் நிற்கிறேன் என்று எழுந்தேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் கையைத் தூக்கச் சொன்னார்கள். தோட்டத்துப் பெண்கள் எனக்குத் தூக்கினார்கள், அந்த மருமகளும் எனக்கே தூக்கினாள்.

ஜெயித்து என்ன? கூட்டம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. எங்களுக்கு இலை எடை போடுகிற நேரமும் அதுதான், மூட்டையை விட்டுவிட்டு வந்தால் அன்றைய கிலோ யார் கணக்கில் ஏறும் என்று சொல்ல முடியாது. முதல் இரண்டு மாதம் என்னால் போக முடியவில்லை. சாயங்காலம் என் பையனே புத்தகப் பைக்குள் தீர்மானப் புத்தகத்தை வைத்துக் கொண்டுவந்தான். டீச்சர் கையெழுத்து மட்டும் போடச் சொன்னாங்கம்மா என்றான். விரித்துப் பார்த்தால் நான் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி, அதற்கு மேலே அரைப் பக்கம் வெறும் காகிதம். முதல் மாதம் போட்டுவிட்டேன், மறைப்பானேன். இரண்டாவது மாதம் போடவில்லை, மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கே போனேன்.

அந்த அரைப் பக்கத்தில் என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். வகுப்பறைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மண் திட்டு, தடுப்புச் சுவர் கிடையாது. ஐப்பசி மழையில் சேறு வழிந்து ஜன்னல் கட்டை வரைக்கும் வந்து நிற்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி பக்கமெல்லாம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததைப் பார்த்தவர்கள் நாங்கள், மழைச் சத்தம் கேட்டாலே தூக்கம் வராது. பள்ளி மேம்பாட்டுத் திட்டம் போடுவது குழுவின் வேலை என்று அதே சட்டம் சொல்கிறது, அதில் முதல் வரியாகச் சுவரை எழுதுங்கள் என்றேன். தலைமை ஆசிரியர் முகம் சுளித்தார், ஆனால் எழுதினார்.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனசு வரவில்லை. ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்க்கிறார்கள், கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று செயலியில் ஏற்ற வேறு வேண்டும், டவர் கிடைக்க ரோட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். கூட்டத்தை ஐந்து மணிக்கு மேல் வைக்கலாம் என்றால் இருட்டியதும் கரடி நடமாட்டம். ஞாயிறு என்றால் ஆசிரியர்களுக்கு லீவு. ஆகவே நான் கேட்பது தோட்ட நிர்வாகங்களிடம்தான்: குழுவில் இருக்கிற பெண்களுக்கு மாதத்தில் ஒரே ஒரு நாள், இரண்டு மணி நேரம், கூலி பிடிக்காமல் விடுங்கள். இதைக் கல்வித்துறை அதிகாரிகள் ஒரு கடிதமாக எழுதினாலே பாதித் தோட்டங்கள் ஒத்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குழுவைப் புதிதாக அமைப்பார்கள். அடுத்த முறை தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீட்டிலிருந்து இன்னும் நாலு பேர் வந்து நில்லுங்கள், படிப்பு ஒரு தடையில்லை, நான் எட்டாவதுதான்.

சுவர் விஷயமாக ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஒருவர் வந்து டேப் வைத்து அளந்துவிட்டுப் போனார். அதோடு சரி. தீர்மானம் எழுதிய பக்கத்தை போனில் படம் எடுத்து வைத்திருக்கிறேன், அடுத்து யார் வந்தாலும் அதைத்தான் முதலில் காட்டுவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி