டெங்கு அசுரனுக்கும் கட்டை கட்டிய வாத்தியாருக்கு

வாத்தியாருக்கு வணக்கம்.

போன வாரம் உங்களை ஆரணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேனே, அப்போது படியில் நின்றபடி ஒன்று சொன்னீர்கள்: "ஆடியோடு தெருக்கூத்து முடிந்தது. அப்புறம் செய்வதெல்லாம் வயிற்றுப்பாடு." பஸ் கிளம்பிவிட்டது. பதில் இப்போதுதான் வருகிறது. நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள் என்பதுதான் என் வழக்கு. ஆட்டோவில் மைக் பிடித்தது வயிற்றுப்பாடு, சரி. லாங்கு பஜாரில் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தேன். சேலைத் தள்ளுபடியை துரியோதனன் குரலில் ஒருவர் முழங்கிக்கொண்டு போகிறார்! பங்குனியிலிருந்து ஆடி வரை விடிய விடிய பாரதம் பாடுகிற தொண்டையை அதற்குக் கொடுக்காதீர்கள். இதைச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது, ஆனாலும் சொல்கிறேன்.

டெங்கு விழிப்புணர்வுக்கு நீங்கள் ஆடிய கூத்து அப்படியா? அணைக்கட்டுப் பக்கம் அந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்குக் கொடுத்தது இருபது நிமிடம். விருத்தப் பாட்டே வேண்டாம், விழிப்புணர்வு வாசகத்தைச் சொன்னால் போதும் என்றார் ஏற்பாடு செய்த அலுவலர். நீங்கள் தலையாட்டிவிட்டு, இரண்டு பையன்களைக் கூப்பிட்டுத் திரை பிடிக்கச் சொன்னீர்கள். புஜக்கட்டையும் கிரீடமுமாக, திரைக்குமேல் முதலில் கண் மட்டும் தெரிய, ஒரு கொசு வந்தது.

"ராஜாவுக்கு அரண்மனை எங்கே? சாக்கடையா?" என்றான் கூத்தின் கோமாளியான கட்டியங்காரன்.

"சீ! எனக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். தேங்காய் ஓடு, பழைய டயர், மூடாத தொட்டி."

"இரவில்தானே வருவீர்?"

"திருடனா நான்? பட்டப்பகலில் கடிப்பேன்!"

முன்வரிசைப் பிள்ளைகள் சத்துணவுத் தட்டைத் தட்டித் தாளம் போட்டார்கள். மாலையில் அதே தெருவில் ஒரு சிறுமி தன் பாட்டியின் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்து "ராஜா இருக்கிறாரா?" என்று கேட்டதை நான் பார்த்தேன். கூலி மூன்று மாதம் கழித்து வந்தது, அது வேறு கதை. ஆனால் அன்று நடந்தது கூத்துதான்.

புதிதாகச் செய்தால் பெரியவர்கள் ஏசுவார்கள் என்பீர்கள். கூத்துக்குப் பேர்போன புரிசையும் நம் பழைய வட ஆற்காடுதானே? 1977-இல் ந. முத்துசாமி தொடங்கிய சென்னை நாடகக் குழுவான கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்குக் கூத்து அடவு சொல்லிக்கொடுத்தவர் புரிசைக் கண்ணப்பத் தம்பிரான். கொலம்பிய எழுத்தாளர் மார்க்கேஸின் கதையில் வரும் சிறகு முளைத்த கிழவனையே கூத்தாக்கிய ஊர் அது. அவர்களை யாரும் ஜாதிநீக்கம் செய்துவிடவில்லை.

அப்புறம் கட்டை, அதாவது வேஷக்காரர்கள் கட்டிக்கொள்ளும் மர அணிகலன். ஐப்பசி மழையில் உங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தேனே. கல்யாண முருங்கைத் துண்டைக் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னீர்கள். காலிப் பெட்டிபோல இருந்தது. ஈரத்தில் செதுக்கினால் காய்ந்ததும் வாயைப் பிளக்கும் என்று சொல்லி அதைத் திரும்ப வாங்கிப் பரணில் போட்டீர்கள். காய்ந்த ஒன்றை எடுத்து, உளியைத் தட்டாமல் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி இழைத்தீர்கள். கண்ணாடித் துண்டு ஒட்டும்போது மட்டும் அரிக்கேன் விளக்கை ஏற்றி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தீர்கள். கரண்ட் இருந்ததே என்றேன். "கர்ணன் தலையைத் திருப்பும்போது எந்தச் சில்லு மின்னும் என்று டியூப் லைட்டில் தெரியாது" என்றீர்கள். அந்தக் கட்டையை வாங்கிப்போன, கூத்துக் குழு நடத்துகிற ஜமாக்காரர் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மணி நேரம் பேசினார். நீங்களும் குறைத்தீர்கள்.

இந்த வருடம் குறைக்காதீர்கள். மாமனார் வீட்டுக் கொல்லையில் கல்யாண முருங்கை ஒன்று நன்றாகப் பருத்து நிற்கிறது. மாமியாரிடம் பேசிவிட்டேன், வடைக்கு இலை பறிக்கிற ஒரு கிளையை மட்டும் விட்டுவிடவேண்டுமாம். எப்போது வெட்டலாம் என்று சொல்லுங்கள், வண்டியோடு வருகிறேன்.

இப்படிக்கு,
வேலூரிலிருந்து உங்கள் தம்பி