பையைப் பரிதாபமாக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம். ஞாயிறு இணைப்பில் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் அழற்சியும் புண்ணும் வரும் நோய்) பற்றி வந்த கட்டுரை பரவாயில்லை, ஆனால் ‘கடைசியில் வயிற்றில் பை மாட்டும் பரிதாப நிலை’ என்று ஒரு வரி போட்டிருந்தீர்களே, அதை ஏற்க முடியவில்லை. மலம் சேரும் அந்தப் பையோடுதான் குலசேகரம் பக்கம் தினமும் ரப்பர் பால் வெட்டப் போகிறேன்.

மருந்துக்கு அடங்காமல் பெருங்குடலையும் மலக்குடலையும் எடுக்க வேண்டி வந்தால் பெரும்பாலும் இரண்டு வழி. சிறுகுடலின் நுனியை வயிற்று வழியாக வெளியே எடுத்து நிரந்தரமாகப் பை ஒட்டுவது ஒன்று. இன்னொன்று, சிறுகுடலையே மடித்துத் தைத்து உள்ளே பை செய்து ஆசனவாயோடு இணைப்பது. 1978-ல் லண்டனில் பார்க்ஸ், நிக்கோல்ஸ் என்ற டாக்டர்கள் எழுதிய முறை, இப்போது ஜே வடிவில் தைப்பதால் ஜே பவுச் என்கிறார்கள். இதற்கு ஆபரேஷன் பெரும்பாலும் இரண்டு மூன்று கட்டமாக நடக்கும், இடையில் சில மாதம் வெளிப் பை வைக்கத்தான் வேண்டும், அப்புறமும் நாளைக்கு ஐந்தாறு தடவை போக வேண்டியிருக்கும், உள் பையில் அழற்சி வரலாம், பெண்களுக்குக் கரு தங்குவது சிரமமாகலாம். வெளிப் பைக்கும் தொல்லை உண்டு. தோல் புண்ணாகும், நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒட்டு இளகும், தேங்காய்த் துண்டையோ சக்கையையோ (பலாப்பழம்) சரியாக மெல்லாமல் விழுங்கினால் அடைத்துக்கொள்ளும்.

விடியற்காலை ரப்பர் தோட்டத்தில் கக்கூசுக்கு எங்கே ஓட? அதனால் நான் வெளிப் பையைக் கேட்டு வாங்கினேன். என் கொழுந்தியா மகளுக்கு நாகர்கோவிலில் ஆபீஸ் வேலை, கல்யாணம் ஆகவில்லை, எல்லாம் விசாரித்துவிட்டே உள் பைக்குச் சம்மதித்தாள். ராத்திரியும் எழும்ப வேண்டியிருக்கிறது, ஆனாலும் “இன்னொருக்கா கேட்டாலும் இதையேதான் சொல்லுவேன் பெரியப்பா” என்கிறாள். இரண்டு தரப்பிலும் திருப்தியானவர்களே அதிகம் என்று ஆய்வுகளும் சொல்கின்றன. எங்கள் வார்டில் மனம் வெறுத்துக் கிடந்தவர் ஒருவர்தான், அவர் வீட்டார் கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டு அவரிடம் கையெழுத்து மட்டும் வாங்கியிருந்தார்கள்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் நர்ஸ் என்னைச் சாரம் (லுங்கி) உடுக்கச் சொல்லி, உட்கார வைத்து, குனிய வைத்து, இடுப்பில் கட்டு விழும் இடத்துக்குக் கீழே பேனாவால் புள்ளி வைத்தார். அது கொஞ்சம் மேலே போயிருந்தால் கட்டு அழுத்தி தினமும் ஒழுகியிருக்கும். இதையெல்லாம் எழுதுங்கள் சார்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஆபரேஷனுக்கு முன்பே நோயாளிகளுக்கு எங்களைப் போல இரண்டு வகை ஆட்களையும் காட்டிக் கொடுத்தால் நல்லது. கூப்பிட்டால் வருவேன், மத்தியானத்துக்கு மேல் என்றால் வசதி.

– ஒரு வாசகர், குலசேகரம்